பெங்களூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: வாங்குவதும் வைத்துக் காப்பாற்றுவதும்

ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட். ஓனர் கவரை உருவினார். உள்ளே சிவப்பு நிறத்தில், கூரை மடங்கும் இரண்டு சீட் ஜெர்மன் கார். ஏழு வயது, ஓட்டம் 19,000 கிலோமீட்டர். மெருகு குலையாமல் பளபளத்தது. எனக்கு அப்போதே அட்வான்ஸ் கொடுத்துவிடத் தோன்றியது.

கூட வந்திருந்த மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. கேஜிஎஃப்காரர், வில்சன் கார்டனில் ஷெட் வைத்திருக்கிறார். பானெட்டைத் திறந்து ஆயில் மூடியைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். அடியில் மோர்க்குழம்பு மாதிரி வெளுப்பாக ஏதோ அப்பியிருந்தது. டயரின் பக்கவாட்டில் விரல் வைத்தார்: கார் பிறந்த வருடத்து டயர், சின்னச் சின்னதாக வெடித்திருந்தது. வெளியே வந்ததும் சொன்னார்: "இது ஓடுன வண்டி இல்ல சார், நின்ன வண்டி. நின்ன வண்டிதான் செலவு வைக்கும்."

அதை விட்டுவிட்டு, ஒன்றரை லட்சம் கூடக் கொடுத்து அதே மாடலில் 48,000 கிலோமீட்டர் ஓடியதை வாங்கினேன். இந்த ஊரில் ஸ்போர்ட்ஸ் காரை வேகம் கெடுப்பதில்லை. சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் ஊர்ந்து கெடுகிறது, பேஸ்மென்ட்டில் நின்று கெடுகிறது. கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் உங்கள் வீட்டு ராம்ப்

எந்த மாடல் என்று பார்ப்பதற்கு முன்னால் உங்கள் பார்க்கிங்கைப் பாருங்கள். ராம்ப் முடிந்து தரை சமமாகும் இடத்தில்தான் இந்தக் கார்களின் வயிறு இடிக்கும். கீழே இறங்கும்போது முன் பம்பரின் உதடு உரசும். தெருமுனை ஹம்ப்பையும் கணக்கில் சேருங்கள். அளவுநாடா எல்லாம் வேண்டாம். டெஸ்ட் டிரைவின்போது காரை உங்கள் வீட்டுக்கே ஓட்டி வந்து இறக்கி ஏற்றிப் பாருங்கள். உங்களை ஓட்டவிட விற்பவர் சம்மதிக்காவிட்டால், அவரையே ஓட்டி வரச் சொல்லிப் பாருங்கள். தினமும் "கர்ர்ர்" என்ற சத்தத்தோடு வீட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தால் எவ்வளவு ஆசைப்பட்ட காரும் மூன்று மாதத்தில் கசந்துவிடும்.

எந்தக் கார்

பத்து லட்சத்துக்குள் தேடுபவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐயிலும் ஃபியட் அபார்த் புன்டோவிலும். சுத்த ஸ்போர்ட்ஸ் கார் பக்தர்கள் இவற்றைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், நான் சேர்ப்பேன். போலோ ஜிடி 2013இல் 105 பிஎஸ் (குதிரைத் திறன்) 1.2 டர்போ எஞ்சினோடு வந்தது. கியர் பாக்ஸ் ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரண்டு கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றும் டூயல் கிளட்ச். அதில் இது உலர் கிளட்ச் வகை. எண்ணெயில் மூழ்காத கிளட்ச் என்பதால் ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். கிளட்ச் பேக்கும், கியரை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டும்தான் இதன் பலவீனம். இரண்டையும் மாற்றியிருந்தால் பில்லைக் கேளுங்கள். மாற்றாமல் இருந்தால் அந்தத் தொகையை விலையில் குறையுங்கள். 2020இல் பிஎஸ்6 புகை விதிக்காக வந்த 1.0 டர்போவில் இந்தத் தலைவலி இல்லை, அது கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர். அபார்த் 1.4 டர்போ, 145 பிஎஸ், கையால் போடும் கியர். ஓட்டும் சுகத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்திவிட்டது. அந்தக் காருக்கே உரிய பாகங்களுக்கு அலைய வேண்டியிருக்கும்.

குடும்பத்தோடு போக வேண்டும், ஆனாலும் ரத்தம் சூடேற வேண்டும் என்பவர்களுக்கு 2017இல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ். 230 பிஎஸ், ஆறு கியர் டிஎஸ்ஜி. இது எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் என்பதால் டிராஃபிக்கைத் தாங்கும். ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் ஆயில் மாற்றியே ஆக வேண்டும். மாற்றியதற்கான ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கதவுக் கார்கள் என்றால் ஆடி டிடி, பிஎம்டபிள்யூ இசட்4, மெர்சிடிஸ் எஸ்எல்கே, போர்ஷே பாக்ஸ்டர், கேமன், ஃபோர்டு மஸ்டாங். ஒவ்வொன்றிலும் எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த சேதி. இரண்டாம் தலைமுறை டிடியின் 2.0 டர்போவில் ஆயில் குடிக்கும் பழக்கத்தையும் டைமிங் செயின் டென்ஷனரையும் பாருங்கள். இசட்4 35ஐயின் இரட்டை டர்போ எஞ்சினில் ஹை பிரஷர் ஃப்யூயல் பம்ப், மின்சார வாட்டர் பம்ப், டர்போ வேஸ்ட்கேட்டின் கடகட சத்தம். போர்ஷேயில் 2009க்கு முந்தைய எஞ்சின்களில் ஐஎம்எஸ் பேரிங் என்ற ஒன்று உண்டு. அது போனால் எஞ்சினே போய்விடும். 2009 முதல் வந்த புதிய எஞ்சினில் அந்தப் பேரிங்கே கிடையாது. கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அந்தப் பக்கமே நில்லுங்கள்.

மஸ்டாங் 2016இல் 65 லட்சத்துக்கு வந்தது. ஐந்து லிட்டர் வி8, டர்போ கிடையாது, சாதாரண டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். அதனால் உள்ளே சிக்கல் குறைவு. ஆனால் ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2021இல் அறிவித்த பிறகு, பம்பரோ ஹெட்லைட்டோ வேண்டுமென்றால் காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

டெல்லி கார் ஏன் மலிவு

ஆன்லைனில் தேடினால் ஒரே மாடல் டெல்லியில் ஐந்தாறு லட்சம் குறைவாகத் தெரியும். டெல்லியில் டீசலுக்குப் பத்து வருடம், பெட்ரோலுக்குப் பதினைந்து வருடம் என்ற கெடு கொண்டு வந்ததால் அங்கே பழைய காருக்கு மதிப்பு சட்டென்று இறங்கியது. நம்மவர்கள் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேல் விலை உள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், அந்த வரியின் மேல் 11 சதவீதம் செஸ். வெளிமாநிலக் காரை இங்கே பதிவு மாற்றும்போது, நீங்கள் கொடுத்த விலைக்கு வரி போட மாட்டார்கள். கார் புதிதாக இருந்தபோது என்ன விலையோ அதற்குப் போட்டு, வயதுக்கு ஏற்பக் கழிப்பார்கள். 60 லட்சத்து காருக்கு முழு வரி கிட்டத்தட்ட 12 லட்சம். சந்தை விலை பாதாளத்துக்குப் போன வேகத்தில் அந்த வரி இறங்காது. டெல்லியில் மிச்சம் பிடித்த ஐந்து லட்சமும் வரியாகப் போய், கையிலிருந்தும் கொஞ்சம் போகும். ஆகவே விலை கூடத் தெரிந்தாலும் கேஏ நம்பர் காரை முதலில் பாருங்கள். மாநிலத்துக்குள் பெயர் மாற்றினால் புது ஆயுள் வரி கிடையாது.

புதுச்சேரி நம்பரிலேயே ஓட்டலாம் என்று ஒரு புரோக்கராவது சொல்வார். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் கார் இருந்தால் பதிவு மாற்றியாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பெங்களூரில் போக்குவரத்துத் துறையினர் விலை உயர்ந்த வெளிமாநிலக் கார்களை நிறுத்திப் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. காரின் நிறமே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பதினைந்து வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இறக்குமதிக் காருக்கு அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 40,000 ரூபாய் ஆக்கினார்கள். பன்னிரண்டு, பதிமூன்று வயதுக் காரை வாங்குபவர்கள் அதையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

காகிதங்கள்

ஆர்சியை வாங்கி, எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு, எத்தனையாவது ஓனர், கடன் நிலுவை உண்டா, பிளாக்லிஸ்ட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டிராஃபிக் அபராதம் பாக்கி இருந்தால் விற்பவரே கட்டட்டும். வங்கிக் கடன் முடிந்திருந்தால் வங்கி கையெழுத்திட்ட ஃபார்ம் 35 வேண்டும். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. வெளிமாநிலம் என்றால் ஃபார்ம் 28இல் பழைய ஆர்டிஓவின் ஆட்சேபம் இல்லை என்ற சான்று (என்ஓசி).

சேசிஸ் நம்பரை ஆர்சியோடு ஒப்பிடும் வேலையை புரோக்கரிடம் விடாதீர்கள். குனிந்து நீங்களே படியுங்கள். தனியார் இறக்குமதி செய்த கார் என்றால் சுங்க வரி கட்டிய ஆவணம் இல்லாமல் தொடவே வேண்டாம். பூட்டான் வழியாக வரி ஏய்த்து வந்த கார்களைத் தேடி 2025 செப்டம்பரில் சுங்கத் துறை கேரளத்தில் சோதனை நடத்தியது. அந்த மாதிரிக் காரைப் பறிமுதல் செய்தால், காசு கொடுத்து வாங்கிய கடைசி ஆள்தான் தெருவில் நிற்பார்.

பார்க்கப் போகும் நாள்

காலையில் போங்கள். "எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் வைத்திருங்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்க முன்கூட்டியே ஓட்டியிருக்கிறார். குளிர்ந்த எஞ்சின் உயிர்பெறும் முதல் பத்து நொடியில் செயின் சத்தம், நீலப் புகை, மிஸ்ஸிங் எல்லாம் வெளியே வந்துவிடும். சூடேறியபின் பாதி அடங்கிவிடும்.

அடுத்தது தண்ணீர். 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், யெமலூர் பக்கம் கோடிக்கணக்கான ரூபாய்க் கார்கள் கூரை வரை மூழ்கிக் கிடந்ததை நாடே பார்த்தது. சென்னையில் 2015, 2023 டிசம்பர் மழைகள். அந்தக் கார்களில் ஒரு பகுதி துடைத்துத் துலக்கப்பட்டு எங்கோ விற்பனைக்கு நிற்கிறது. சீட் பெல்ட்டை அதன் கடைசி வரை இழுங்கள். சாதாரணமாக யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை, கழுவுகிறவனும் அங்கே போவதில்லை. நான் பார்த்த ஒரு காரில் முதல் மூன்று அடி கறுப்பாக இருந்தது. அதற்கப்புறம் ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் காய்ந்த ஏரி வண்டல் நிறம். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. சீட்டின் அடியில் இருக்கும் போல்ட், ஸ்கேனர் செருகும் சாக்கெட்டின் பின்கள், டிக்கியில் மேட்டுக்கு அடியில் இருக்கும் பள்ளம் எல்லாவற்றிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். காருக்குள் சென்ட் வாசனை தூக்கலாக இருந்தால் இன்னும் கவனமாக முகருங்கள்.

பெயின்ட்டுக்கு ஒரு கேஜ் கடன் வாங்கிப் போங்கள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான். 200ஐத் தாண்டினால் மறுபடி அடித்திருக்கிறார்கள். 500க்கு மேல் போனால் பட்டி பார்த்திருக்கிறார்கள், டிங்கரிங் நடந்திருக்கிறது. ஒரு கதவு மறுபெயின்ட் என்பது பெங்களூரில் குற்றமே இல்லை, ஆட்டோ உரசாத கார் உண்டா? கூரைத் தூணிலும், பானெட்டுக்கு அடியில் இருக்கும் சேசிஸ் கொம்பிலும் பட்டி இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம். நான்கு டயரும் ஒரே பிராண்டாக இல்லாமல் ஆளுக்கொன்றாக இருந்தால், அந்த ஓனர் எஞ்சின் ஆயிலில் எவ்வளவு மிச்சம் பிடித்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனர் இல்லாமல் இந்த வகைக் கார் வாங்காதீர்கள். எரர் கோட் மட்டும் படிக்கும் மலிவான சாதாரணக் கருவி போதாது. அந்தந்த பிராண்டுக்கான மென்பொருள் உள்ள ஷெட் வேண்டும். எரர் எதுவும் இல்லை என்று வந்தால் உடனே மகிழ வேண்டாம். ரெடினஸ் மானிட்டர்கள், அதாவது கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சோதனைகள், முடியாமல் இருந்தால், யாரோ சமீபத்தில் எல்லாவற்றையும் அழித்திருக்கலாம். கிலோமீட்டர் டேஷ்போர்டில் மட்டும் இருப்பதில்லை, வேறு யூனிட்டுகளிலும் பதிவாகும். பல பிஎம்டபிள்யூக்களில் சாவிக்குள்ளேயே இருக்கும். போர்ஷே என்றால் ஓவர் ரெவ் ரிப்போர்ட் கேளுங்கள். எஞ்சினை எத்தனை முறை எல்லை தாண்டிச் சுழற்றினார்கள் என்று அது சொல்லிவிடும்.

டெஸ்ட் டிரைவை ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் காலி ரோட்டில் மிதித்துப் பார்த்துவிட்டு, பிக்கப்பில் மயங்கிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் வேண்டுமென்றே நெரிசலுக்குள் போங்கள். ஏசி போட்டு, முதல் கியரிலும் இரண்டாவதிலும் இருபது நிமிடம் ஊருங்கள். டூயல் கிளட்ச் உதறுகிறதா, டெம்பரேச்சர் ஏறுகிறதா, ஏசி காற்று சூடாகிறதா என்று பாருங்கள். பிறகு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துச் சூட்டோடு ஸ்டார்ட் செய்யுங்கள். கூரை மடங்கும் கார் என்றால் மூன்று தடவை மடக்கி விரியுங்கள். ஒரு தடவை எல்லாக் கூரையும் வேலை செய்யும்.

கடைசியாக, லிஃப்டில் ஏற்றி அடியைப் பாருங்கள். ஆயில் சேம்பர் அடிபட்டிருக்கிறதா, புஷ்கள் கிழிந்திருக்கிறதா, ஷாக் அப்சார்பர் கசிகிறதா. ஹம்ப்புகளின் மொத்த வரலாறும் அங்கே எழுதியிருக்கும்.

விலை

பேரம் பேசுவது பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: மெக்கானிக் எழுதிக் கொடுத்த பட்டியலைக் காட்டிப் பேசுங்கள், வாயால் பேசாதீர்கள். பிறகு, கையில் இருக்கும் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். 25 லட்சம் இருந்தால் 20 லட்சத்துக் காரைத் தேடுங்கள். முதல் வருடம் அந்த ஐந்துக்கு வேலை வந்தே தீரும்.

வாங்கிய முதல் மாதம்

பழைய ஓனர் நேற்றுதான் மாற்றினேன் என்று சத்தியமே செய்தாலும் எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், பிளக் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அன்றிலிருந்துதான் உங்கள் கணக்கு ஆரம்பம். ஆயில் வாங்கும்போது 5டபிள்யூ30 என்பதை மட்டும் பார்க்காமல், கார் கம்பெனியின் அங்கீகார எண் டப்பாவில் இருக்கிறதா என்று மேனுவலோடு ஒப்பிடுங்கள். ஜேசி ரோட்டில் எல்லாமே கிடைக்கும், போலியும் கிடைக்கும். புஷ், பேரிங், சென்சார் மாதிரியானவற்றை அந்தப் பாகத்தைக் கார் கம்பெனிக்கே செய்து கொடுக்கும் நிறுவனத்தின் டப்பாவில் வாங்கினால் பாதி விலையில் முடியும். கண்ணாடி, உள்அலங்காரத் துண்டுகளுக்கு, பழைய பாகங்கள் விற்கும் சிவாஜிநகர் குஜிரி ஒரு புதையல். அங்கே "பாய், இது இருக்கா" என்று தமிழிலேயே கேட்கலாம். பிரேக், ஏர்பேக் பாகங்களை மட்டும் அங்கே வாங்காதீர்கள்.

இன்ஷூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனருடையது, காரோடு வராது. ஐந்து வயதைத் தாண்டிய காருக்கு ஐடிவி, அதாவது இன்ஷூரன்ஸில் காருக்குப் போடும் மதிப்பு, பேசி முடிவு செய்வது. மிகக் குறைத்துப் போட்டுப் பிரீமியம் மிச்சம் பிடித்தால், ஒரு ஹெட்லைட் உடைந்தாலே கார் டோட்டல் லாஸ் ஆகும் நிலை வரும். தண்ணீர் புகுந்து எஞ்சின் கெட்டால் ஈடு தரும் எஞ்சின் புரொடெக்ட் கட்டாயம் எடுங்கள். அதை எடுத்திருந்தாலும், தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

எக்ஸாஸ்ட் மாற்றம், எஞ்சின் ரீமேப் (சாஃப்ட்வேரை மாற்றிப் பவர் கூட்டுவது) செய்யத் துடிப்பவர்களுக்கு: கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் கண்ணில்தான் முதலில் படும்.

நிற்காமல் வைத்திருப்பது

2020 லாக்டவுனில் நான் திருச்சியில் மாட்டிக்கொண்டேன். கார் நான்கு மாதம் அல்சூர் பேஸ்மென்ட்டில் நின்றது. திரும்பி வந்தபோது பேட்டரி செத்திருந்தது. டயர்கள் தரையில் பட்ட இடத்தில் தட்டையாகி, 60 கிலோமீட்டர் வேகத்தில் காரே நடுங்கியது. பிரேக் டிஸ்க் துருப்பிடித்து பேடோடு ஒட்டியிருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி குடும்பம் நடத்தி, இரண்டு சென்சார் வயரைக் கடித்துவிட்டது. வேகமாக ஓட்டி இவ்வளவு செலவை என்னால் வரவழைத்திருக்கவே முடியாது. யாரையும் குறை சொல்ல முடியாது, சாவியை நண்பனிடம் கொடுத்துவிட்டுப் போகாதது என் தப்பு.

இப்போது பிளக்கில் மாட்டி வைக்கும் பேட்டரி மெயின்டெய்னர் ஒன்று வைத்திருக்கிறேன். ஊருக்குப் போனால் டயரில் கொஞ்சம் கூடுதல் காற்று. ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை. பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. எஞ்சின் ஆயிலுக்குக் கம்பெனி சொல்லும் நீண்ட இடைவெளியை மறந்துவிட்டு, 7,500 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். நம் ஊரில் ஆயிரம் கிலோமீட்டர் ஓட எஞ்சின் எத்தனை மணி நேரம் உழைக்கிறது என்பது மீட்டரில் தெரியாதே. நேரடி இன்ஜெக்ஷன் டர்போ எஞ்சின்களில் வால்வில் கரி படியும், ஊர்ந்தால் இன்னும் படியும். ஐடிலிங் ஒரு மாதிரி தடுமாறினால் ஷெட்டில் வால்நட் பிளாஸ்டிங் செய்து, அதாவது வால்நட் ஓட்டுத் தூளை வேகமாக ஊதி, சுத்தம் பண்ணலாம்.

பெட்ரோல் மூடியின் உட்புறம் குறைந்தபட்சம் 95 ஆக்டேன் என்று போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. 2023க்கு முந்தைய கார்கள் பெரும்பாலும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே சர்வீஸில் எரிபொருள் ஹோஸ், சீல்களை ஒருமுறை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். டேங்க்கில் பழைய பெட்ரோலை மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.

நெரிசலில் டூயல் கிளட்ச் கார் ஓட்டும்போது முன்வண்டியோடு ஒட்டி ஊராமல், இடைவெளி விட்டு, அது பெரிதானபின் ஒரே தள்ளாகப் போங்கள். நடுவில் ஆட்டோ நுழையும், நுழையட்டும். கிளட்ச் விலையைவிட அது மலிவு.

வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். ஆயில் முழுச் சூட்டுக்கு வந்தால்தான் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகும், அந்த மோர்க்குழம்பு படியாது. ஞாயிறு காலை ஐந்தரைக்கு நான் கிளம்பிவிடுவேன். ஓல்டு மெட்ராஸ் ரோட்டைப் பிடித்து ஹோஸ்கோட்டே, கோலார், முல்பாகல். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் எஞ்சினை விரட்ட மாட்டேன். மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டினால் 2024 ஆகஸ்டிலிருந்து கர்நாடக போலீஸ் வழக்கே போடுகிறார்கள். அதற்கு மேல் ஆசை இருந்தால் சென்னைக்கு முன்னாலேயே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ரேஸ் டிராக் இருக்கிறது. டிராக் டே நடக்கும் நாளில் போய்ப் பசி தீர ஓட்டலாம். போகும் முன் பிரேக் பேடையும் ஆயில் அளவையும் பாருங்கள், இன்ஷூரன்ஸ் அங்கே செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முல்பாகலில் தோசை சாப்பிட்டுத் திரும்பினால் ஒன்பதரைக்கு வீடு. ராம்ப்பில் இறக்கி, ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பேன். பானெட் ஆறியபின்தான் கவர். கவருக்கு முன்னால் எஞ்சின் ஓரத்தில் ஒரு சின்னத் துணிமூட்டையில் புகையிலை. எலிக்கு அது பிடிக்காது என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். மாதம் ஒருமுறை மூட்டையை மாற்றுகிறேன், இதுவரை இரண்டாவது குடும்பம் வரவில்லை.